காயடிக்கிறதும் வாசெக்டமியும் ஒண்ணா?

இன்னைக்குக் கதை காவிரியோட கடைமடையில, ஒரு மாட்டுகிட்ட இருந்து தொடங்குது.

நாகப்பட்டினம் மாவட்டத்துல உம்பளச்சேரின்னு ஒரு ஊர். பழைய தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த பகுதி. அந்த ஊர்ப் பேர்லயே ஒரு மாட்டினம் உண்டு. டிராக்டர் வர்றதுக்கு முன்னாடி முழங்கால் சேத்துல நெல்வயலை உழுதது இந்த மாடுங்கதான். ஆனா பொலிகாளையை ஏர்ல பூட்டிப் பழக்குறது கஷ்டம். முட்டும், பசுவைப் பார்த்தா ஓடும். அதனால இளங்காளைக்குக் காயடிப்பாங்க. ‘காய்’னா விரை. அதுக்கு ரத்தம் கொண்டு போற குழாயை நசுக்கிட்டா விரை சுருங்கிடும், காளையும் மெல்ல அடங்கிடும்.

ஏன் அடங்குது? இதுக்கு முதல் துப்பு 1849-ல கிடைச்சது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் ஆர்னால்ட் பெர்த்தோல்ட் என்ற பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களை எடுத்தார். இரண்டுக்கு விரைகளை முழுசா நீக்கினார். கொண்டை வளரலை, சண்டைக்கும் போகலை. மற்ற நாலுக்கு ஒரு விரை மட்டும், நரம்புத் தொடர்பு அறுந்த நிலையில், வயித்துக்குள்ள இருந்தது. அந்த நாலும் அசல் சேவலா வளர்ந்துச்சு! அப்போ விரையில இருந்து ஏதோ ஒண்ணு ரத்தம் வழியாத்தான் உடம்பு முழுக்கப் போகுது.

அந்த ‘ஏதோ ஒண்ணை’ 1935-ல ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் பிரிச்செடுத்தாங்க. சுமார் 100 கிலோ காளை விரையில கிடைச்சது வெறும் 10 மில்லிகிராம். அதுக்கு வெச்ச பேர் டெஸ்டோஸ்டிரோன்.

இப்போ மனுஷங்க கதைக்கு வருவோம். 1950-களின் பிற்பகுதியிலேயே மெட்ராஸ் அரசு வாசெக்டமி செய்துகொண்ட ஏழைகளுக்கு 30 ரூபாய் வரை கொடுத்தது. அப்புறம் எமர்ஜென்சி. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 62 லட்சம் வாசெக்டமிகள். வட மாநிலங்கள்ல பலருக்குக் கட்டாயப்படுத்தியே செஞ்சாங்க. அந்தக் காயம் இன்னும் ஆறலை. அதோட, ‘இது காயடிக்கிற மாதிரிதானே, ஆம்பளைத்தனம் போயிடுமே’ங்கிற பயமும் சேர்ந்துக்குச்சு.

உண்மை என்னன்னா, விரைக்கு ரெண்டு வேலை. விந்தணுவை உண்டாக்குறது ஒண்ணு. அது வெளியே போறது விந்துக்குழாய் வழியா. டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது இன்னொண்ணு. அது போறது நேரா ரத்தத்துல. காயடிச்சா ரெண்டு வேலையும் நின்னுடும். வாசெக்டமியில வெட்டிக் கட்டுறது விந்துக்குழாயை மட்டும்தான். ரத்தக்குழாயைத் தொடுறதே இல்லை. மீசை, குரல், ஆசை, விறைப்பு எல்லாம் அப்படியே இருக்கும். விந்துத் திரவத்துல பெரும்பகுதி வேற சுரப்பிகள்ல இருந்து வர்றதால அளவுலயும் பெரிசா வித்தியாசம் தெரியாது. ஒரே எச்சரிக்கை: குழாயில மிச்சமிருக்கிற விந்தணு தீர சுமார் மூணு மாசம் ஆகும். டெஸ்ட் பண்ணி உறுதியாகும் வரை வேற பாதுகாப்பு வேணும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். பெண்ணுக்கு வயித்துக்குள்ள போய்ச் செய்யணும். ஆணுக்கு விரைப்பையில ஒரு சின்னத் துளை போதும், அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். இருந்தும் கத்தி அவங்க மேலதான் விழுது.

அடுத்த தடவை வீட்டுல ‘யாரு ஆபரேஷன் பண்ணிக்கிறது’ன்னு பேச்சு வந்தா, அந்த ஆறு சேவல் கதையைச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!