கருவேல முள்ளும் கல்விக்கூடமும்

நருமதை ஆற்றங்கரையில் ஹோசங்காபாத் என்றோர் மாவட்டம். மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. 2022-இல் நருமதாபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றது. 1972-ஆம் ஆண்டு அம்மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதுமை புகுந்தது. உழவர் வீட்டுச் சிறுவனும் சிறுமியும் பூவைக் கையிலெடுத்தனர்; இதழிதழாகப் பிரித்தனர்; உள்ளே இருப்பது என்ன என்று கீறிப் பார்த்தனர். கீறுவதற்கு ஊசி? நகரத்துக் கல்லூரிகளில் பெட்டியிலே அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த ஊசிக்குச் சிற்றூர்ப் பள்ளி எங்கே போகும்! வேலியோரம் நின்றது கருவேல மரம். மரத்திலே இருந்தது முள். முள்ளே ஊசியாயிற்று.

சிறு செய்திதான். ஆனால் அறிவியல் என்பது கண்ணாடிப் பேழைக்குள் உறங்குவது, காசுள்ளவன் பிள்ளைக்கே கதவு திறப்பது என்று காலங்காலமாக ஊட்டப்பட்ட எண்ணத்தை அந்த முள் குத்திக் கிழித்தது. முயற்சியைத் தொடங்கியவை இரண்டு அமைப்புகள். ரசூலியா என்னுமிடத்தில் இருந்த பிரண்ட்ஸ் கிராம மையம் ஒன்று. கிஷோர் பாரதி மற்றொன்று. பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துப் பணியை விட்டுவிட்டுச் சிற்றூருக்கு வந்த அனில் சத்கோபால் என்னும் அறிவியலாளர் கிஷோர் பாரதியை உருவாக்கியவர். அரசுப் பள்ளிகளிலேயே, அரசு ஆசிரியர்களைக் கொண்டே, ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் செய்து கற்கும் அறிவியலை நடத்திக் காட்டுவோம் என்றார்கள். மாநில அரசும் இசைவு தந்தது.

கையால் செய்து கற்பதா! அச்சொல் காதில் விழுந்ததும் தமிழர் நெற்றி சுருங்கும். சுருங்கக் காரணம் உண்டு.

1953-ஐ எண்ணிப் பாருங்கள். சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர் இராசகோபாலாச்சாரியார். சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே படிப்பு. மிச்சப் பொழுதில் சிறுவன் தந்தையின் தொழிலைப் பழகுவான், சிறுமி தாயுடன் வீட்டு வேலை பழகுவாள் என்றொரு திட்டம் வந்தது. வகுத்தோர் பக்கமும் ஒரு வாதம் இருந்தது: பள்ளி போதாது, ஆசிரியர் போதார், பணம் போதாது, ஒரே கட்டடத்தில் இருமுறை வகுப்பு நடத்தினால் கூடுதல் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும். கணக்கு சரி! ஆனால் தச்சன் மகன் உளியைத்தான் பிடிப்பான், துணி வெளுப்பவர் மகன் துறைக்குத்தான் போவான்; கணக்கப்பிள்ளை மகன் எதைப் பழகுவான்? ஏட்டையும் எழுத்தாணியையும்! குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதற்குப் பெயர் சூட்டியது. 1953 சூலையில் தெருவிலும் சட்டமன்றத்திலும் எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரல் 13-இல் காமராசர் முதலமைச்சரானார். மே 18-இல் திட்டம் கைவிடப்படுவதாகக் கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம் அறிவித்தார்.

அரைநாள் கைத்தொழில் பழகினால் கேடென்ன என்று அன்று கேட்டனர். இன்றும் கேட்போர் உளர். உளியில் கேடில்லை, ஐயா! எவன் கைக்கு எந்தக் கருவி என்பதை அவன் பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்தீர்களே, அதிலே இருந்தது கேடு. போராட்டம் வென்றது, குழந்தை முழுநாளும் பள்ளியில் இருக்கும் உரிமை மீண்டது. மீண்ட உரிமையை நம் பள்ளிகள் எதைக் கொண்டு நிரப்பின? ‘காந்தம் இரும்பை ஈர்க்கும்’ என்று பத்துமுறை எழுதுக! ‘இலையின் பாகங்களைக் கூறுக!’ காந்தத்தைத் தொட்டே பார்த்திராத விரல்கள் காந்தத்தைப் பற்றி விடை எழுதின. நல்ல மதிப்பெண்ணும் பெற்றன. குலத்தொழிலை விரட்டிய கையோடு, கையையே வகுப்பறையிலிருந்து விரட்டிவிட்டோமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்த இடத்தில்தான் ஹோசங்காபாத்தின் பாடம் நமக்குப் பயன்படுகிறது. அங்கேயும் கைவேலை, ஆனால் தந்தை யார், தொழில் என்ன என்று எவரும் கேட்கவில்லை. நான்கு நான்கு பேராகப் பிள்ளைகள் அமர்ந்தனர். குழுவுக்கு ஒரு கருவித்தொகுதி. உழவன் மகளுக்கும் வணிகன் மகனுக்கும் ஒரே சோதனை, ஒரே கேள்வி. ‘பால வைஞானிக்’ என்ற அவர்களுடைய நூல் விடையைச் சொல்லித் தராது. செய், பார், எழுது, நண்பனோடு வாதிடு என்று கேள்விமேல் கேள்வி தொடுக்கும்.

அளத்தல் என்னும் ஒரு பாடத்தைப் பாருங்கள். ஒரே நீளத்தை வகுப்பே அளக்கிறது. ஒவ்வொருவர் விடையும் சிறிது சிறிது மாறுகிறது. நம் வகுப்பாக இருந்தால் என்ன நடக்கும்? ஒன்று சரி, மற்றவையெல்லாம் தவறு, பிரம்பு வரும். அங்கே வேறுபாடே பாடமாயிற்று. ஏன் மாறியது? அளவுகோலை வைத்த விதமா, கண் பார்த்த கோணமா, பொருளின் ஓரம் தேய்ந்ததா? அளவு என்றாலே அதில் சிறு ஏற்ற இறக்கம் உண்டு என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் கையால் கண்டறிந்தது. பெரியவர் சொன்னார், ஆகவே உண்மை என்னும் பழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்து உண்டோ!

தேர்வு? நூலையும் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. நெட்டுருப் போடுவோர்க்கு அங்கே தனிச் சலுகை இல்லை. பிள்ளைகள் ஐயங்களை எழுதி அனுப்பச் சவாலிராம் என்றொரு கற்பனை மனிதரைப் படைத்தார்கள். இந்தியில் சவால் என்றால் கேள்வி. நம் ஊரில் அச்சொல் அறைகூவலாகிவிட்டது. கேள்வி கேட்டாலே அறைகூவல் என்று கருதும் ஆசிரியர்கள் நம்மிடையே இருப்பதால், அந்தப் பொருள் மாற்றம் பொருத்தந்தான்!

1978-இல் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. அவ்வாண்டில் அங்கே வந்து சேர்ந்தார் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா. சிற்றூர்ச் சந்தையில் கிடைத்த மிதிவண்டி வால்வு ரப்பர்க்குழாயைத் துண்டு துண்டாக வெட்டித் தீக்குச்சிகளை அதில் செருகினார். முக்கோணம் வந்தது, சதுரம் வந்தது, வீட்டுச் சட்டகம் வந்தது. சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது, முக்கோணம் அசைய மறுக்கிறது; பாலங்களில் முக்கோணம் ஏன் என்பது பிள்ளையின் விரலுக்கே விளங்கிவிட்டது. 1982-இல் ஏகலவ்யா என்ற அமைப்பு பிறந்து பணியை ஏற்றது. பிற மாவட்டங்களுக்கும் முறை பரவியது.

முப்பதாண்டு நடந்த அந்த முயற்சியை 2002-இல் மாநில அரசே நிறுத்தியது. எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் வேறு பாடநூல், பத்தாம் வகுப்பில் பின்தங்குகிறார்களே என்றன எதிர்ப்புக் குரல்கள். ஏகலவ்யா மறுத்து வாதிட்டது, பயனில்லை. மேல்வகுப்புத் தேர்வு நெட்டுருவையே கேட்குமானால், கீழ்வகுப்பில் சிந்திக்கப் பழகிய பிள்ளைக்குத் தண்டனைதானே கிடைக்கும்? பெற்றோரின் அச்சத்தை நான் இகழமாட்டேன். கூலிவேலை செய்பவனுக்கு மகனின் மதிப்பெண் ஒன்றே மூலதனம்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2022 நவம்பர் 28-இல் திருச்சியில் வானவில் மன்றம் என்ற திட்டம் தொடங்கப்பெற்றது. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியலும் கணக்கும் செய்து கற்க வேண்டும் என்பது நோக்கம். 13,210 பள்ளிகள், கருவிகளோடு பள்ளிக்குப் பள்ளி செல்ல 710 கருத்தாளர்கள். வகுத்துப் பாருங்கள்: ஒருவருக்குப் பதினெட்டுப் பள்ளிக்கு மேல்! அவர் வரும் நாள் திருநாள். வராத நாட்களில்? அங்கேயே இருக்கும் ஆசிரியர்தான் முள்ளைத் தேடவேண்டும். அதே 2022-இல், மார்ச் 1-ஆம் நாள், நான் முதல்வன் திட்டம் வந்தது. எந்தப் படிப்பு எந்தப் பணிக்கு வழி என்று அது பள்ளிகளில் சொல்லத் தொடங்கியது ஒன்பதாம் வகுப்பிலிருந்து. நல்லது. ஆனால் மின்கலத்தைத் தொட்டே பாராத பெண், தனக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பில்லை என்று ஏழாம் வகுப்பிலேயே முடிவு கட்டிவிடுகிறாளே!

வரலாறு படித்துப் பட்டம் பெற்றவனுக்கு அறிவியல் வகுப்பில் என்ன வேலை என்பீர்கள். நடுநிலைப் பள்ளியில் ஆளில்லாத வகுப்பெல்லாம் எல்லார் வகுப்பும்! அங்கே நான் கண்டது இது: கருவியைக் கொடுத்தால் பையன்கள் பிடித்துக்கொள்வர், பெண்கள் குறிப்பெழுதுவர், பார்வை குறைந்த பிள்ளை ஓரத்தில் இருக்கும். 1953-இன் திட்டத்தை யாரும் ஆணையிடாமலே நாலுபேர் குழுவுக்குள் நடத்திவிடுகிறோம்! ஆகவே முறை வைத்தேன்: இன்று கம்பி இணைப்பவர் நாளை எழுதுவார், எழுதியவர் இணைப்பார். காந்தத்தின் இழுப்பை அறியக் கண் வேண்டியதில்லை. விரலுக்கு அது நன்றாகத் தெரியும்.

விளக்கு எரிந்ததும் ஒருத்தி கேட்டாள், மின்விசிறிக்குக் கம்பி சுற்றுவோர் என்ன படித்திருப்பார்கள் என்று. கரும்பலகையில் எழுதினேன். எட்டாம் வகுப்போடு தொழிற்பயிற்சி நிலையத்தில் சில பிரிவுகள். பத்தோடு பட்டயப் படிப்பு. பன்னிரண்டில் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் எடுத்தால் பொறியியல். எழுதி முடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. அரசு மருத்துவமனையில் இரத்தம் சோதிப்பவர் என்ன படித்தார் என்று நேரிலேயே கேட்டுவருவதாக மூவர் கிளம்பியிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை வகுப்பில் சொல்வார்களாம்.