மணலிக்கு வந்த வயலின்

அடுத்த தடவை கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஜன்னல் சீட் கிடைச்சா, ஹெட்ஃபோனில் ரவேலின் 'ட்ஸிகான்' போட்டுக் கேளுங்க. வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதின பத்து நிமிஷ உருப்படி. ஆனா முதல் சில நிமிஷம் பியானோ வாயே திறக்காது. தனி வயலின், அடித்தந்தியில் ஆரம்பிச்சு, இழுத்து, நிறுத்தி, குழைஞ்சு வரும். நம்ம காதுக்கு ஆலாபனை மாதிரி இருக்கும். ஆனா ஆலாபனை இல்லை, ஒவ்வொரு சுரமும் எழுதி வச்சது.

1922ல் லண்டனில் ஒரு ராத்திரி, புடாபெஸ்ட்டில் பிறந்த யெல்லி தாரான்யி என்ற வயலின் கலைஞரிடம் ஜிப்சி மெட்டு வாசிக்கச் சொன்னார் ரவேல். ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு. விடியற வரைக்கும் விடலை. அந்த ராத்திரியில் விழுந்த விதைதான் 1924 ஏப்ரல் 26 அன்று லண்டனில் யெல்லி கையாலேயே அரங்கேறியது. நாட்டுப்புற மெட்டு எதையும் ரவேல் அப்படியே எடுக்கலை. அவர் எடுத்தது வாசிக்கிற தோரணையை. அந்தத் தோரணை ஹங்கேரியில் கல்யாண வீட்டிலும் சத்திரத்திலும் வாசிச்ச ரோமா வயலின்காரர்களோடது. அவங்க பேச்சுமொழியின் வேர் வட இந்தியாவில் இருக்கு. அவங்கள்ல பல பேரோட பேர் யாருக்கும் தெரியாது.

இப்ப ரயில் திருவொற்றியூர் தாண்டியிருக்கும். இடதுபக்கம் கொஞ்சம் தள்ளி மணலி. பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலைன்னு நமக்குத் தெரிஞ்ச மணலி. சுமார் 200 வருஷத்துக்கு முன்னாடி அங்கே துபாஷ் குடும்பத்து முதலியார் ஆதரவில் ராமசாமி தீட்சிதர் குடும்பம் இருந்தது. கோட்டையில் வெள்ளைக்கார பேண்டு கேட்டு, மூத்தவர் முத்துசாமி அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் போட்டார். அதுதான் நோட்டுஸ்வரம். தம்பி பாலுசாமிக்கு முதலியார் ஒரு ஐரோப்பிய வாத்தியாரை வச்சு மூணு வருஷம் வயலின் கத்துக் கொடுத்தார்.

பாலுசாமி பாட்டை எடுக்கலை, கருவியை எடுத்தார். பின்னால் எட்டயபுரம் சமஸ்தான வித்வானும் ஆனார். இன்னிக்கு நம்ம வயலின்காரங்க தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, தந்தியை ச‑ப‑ச‑பன்னு சேர்த்து வாசிக்கிறாங்க. பட்டம், சமஸ்தானம், சிஷ்யர் எல்லாம் பாலுசாமி குடும்பத்து வரலாற்றில் பதிவாகியிருக்கு. அந்த வாத்தியாரைப் பத்தி மட்டும் 'ஒரு ஐரோப்பியர்' என்பதோடு சரி.