இரண்டு தோட்டா, ஒரு சைக்கிள், ஒரு தூக்குத் தண்டனை

போலீஸ் சட்டத்தை மீறி சோதனை போட்டு ஒரு பொருளை எடுக்குது. அதைக் கோர்ட்டுல சாட்சியா வைக்கலாமா? ‘வைக்கலாம்’ என்பதுதான் இந்தியாவில் இன்றைக்கும் பொதுவான பதில். இது எங்கிருந்து வந்ததுன்னு தேடினா, கென்யாவில் ஒரு சைக்கிள்ல போய் நிக்குது.

1950களின் தொடக்கம். மௌ மௌ கிளர்ச்சியை அடக்க பிரிட்டிஷ் அரசு அங்கே அவசரநிலை போட்டிருந்தது. அனுமதியில்லாம தோட்டா வச்சிருந்தா மரண தண்டனைகூட உண்டு. குருமா என்பவர் விடுமுறையில் சைக்கிளில் ஊருக்குப் போகிறார். வழியில் போலீஸ் தடுப்பு. அவரிடம் இரண்டு தோட்டாக்களும் ஒரு பேனாக்கத்தியும் இருந்ததாக போலீஸ் சொன்னது. ஆனா விதிப்படி, உதவி இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேல் இருப்பவர்தான் சோதனை போடணும். போட்டது கான்ஸ்டபிள்கள்.

இன்னொன்று கவனிங்க. சோதனை இருக்க வாய்ப்பில்லாத வேறொரு பாதையும் இருந்தது. தோட்டாவை வச்சுக்கிட்டு ஒருத்தர் தெரிஞ்சே தடுப்பு இருக்கிற பக்கம் போவாரா? அந்தக் கத்தி கோர்ட்டுக்கு வரவே இல்லை. விசாரணையில் உட்கார்ந்த மூன்று அசெஸர்களும் ‘குற்றவாளி இல்லை’ என்றார்கள். அதைத் தள்ளிவிட்டு தூக்குத் தண்டனை கொடுத்தாங்க.

அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1954 டிசம்பரில் லார்ட் காடர்ட் தீர்ப்பு: சாட்சி வழக்குக்குத் தொடர்புடையதா என்பதே கேள்வி, எப்படிக் கிடைத்தது என்பது கோர்ட்டின் கவலை இல்லை. அப்பீல் தள்ளுபடி. வேடிக்கை என்னன்னா, வழக்கின் சில விஷயங்கள் உறுத்துவதாக காலனி அமைச்சருக்குத் தனியா தெரியப்படுத்தவும் செஞ்சாங்க!

எனக்கு இடிக்கிறது இங்கதான். ரேங்க் விதி வெறும் ஃபார்மாலிட்டி இல்லை. போலீஸே பொருளை வச்சுட்டு எடுத்துடுச்சோங்கிற சந்தேகம் வராம இருக்கத்தான் பொறுப்புள்ள அதிகாரி வேணும். அதை மீறினா, சாட்சி உண்மையாங்கிறதே ஆட்டம் காணுது.

1961இல் அமெரிக்கா, மாப் வழக்கில், மாநில கோர்ட்டுகளிலும் இப்படிப்பட்ட சாட்சி செல்லாதுன்னு சொல்லிடுச்சு. நம்ம உச்ச நீதிமன்றம் 1973 டிசம்பரில், பூரன் மல் என்ற வருமான வரி சோதனை வழக்கில், குருமா தீர்ப்பின் வழியிலேயே போனது. அரசியல் சாசனமோ சட்டமோ தடுக்காத வரை, தொடர்புள்ள சாட்சி செல்லும். சோதனையை எதிர்த்து அந்தரங்க உரிமையைக் காட்ட முடியாது என்ற 1954 எம்.பி. சர்மா தீர்ப்பும் அதற்குத் துணை.

போதைப்பொருள் வழக்கில் 50ஆம் பிரிவை மீறிய உடல் சோதனைக்கு 1999இல் ஒரு விதிவிலக்கு வந்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொல்லி, சர்மா தீர்ப்பின் அந்தப் பகுதியைத் தூக்கிட்டாங்க. பூரன் மல் தீர்ப்பை யாரும் நேரா ரத்து பண்ணலை. நம்ம போனைப் பிடுங்கி எடுக்கிற சாட்டுக்கும் அதுதான் இன்னும் மேற்கோள்.