அறிந்தும் எழுதிய மருந்து

தடிமனுக்குப் பெனிசிலின் உதவாது என்பதை வைத்தியக் கல்லூரி மாணவனும் அறிவான். தடிமனைத் தருவது வைரசு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அழிப்பதோ பற்றீரியாவை. அறிந்திருந்தும் வைத்தியர் அம்மருந்தையே எழுதுவது ஏன்?

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945 இல் ஆற்றிய நோபல் சொற்பொழிவிலேயே எச்சரித்தார்: போதாத அளவில் மருந்துண்போர் கிருமிகளை அழிப்பதற்குப் பதிலாக, மருந்தை எதிர்த்து நிற்க அவற்றைப் பழக்கிவிடுவர் என்று. எச்சரிக்கை ஏட்டில் நின்றது. மருந்து சந்தைப் பண்டமாயிற்று. விற்பவருக்கு இலாபம், நோயாளிக்கு ஆறுதல், வாசலில் வரிசை நீளும் வைத்தியருக்கு நேரமிச்சம். இம்மூன்றும் கூடிய இடத்தில் அறிவு தோற்றதில் வியப்பென்ன?

பின்னர் கணினி வந்தது. அமெரிக்காவின் சோல்ற் லேக் நகரத்து வைத்தியசாலையொன்றில், கடுநோயாளரின் பரிசோதனை முடிவுகளைக் கொண்டு ஏற்ற மருந்தையும் அளவையும் அது எடுத்துரைத்தது. ஒவ்வாத மருந்தெழுதுதலும் மிகையளவும் குறைந்தன என 1998 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆனால் அது தெரியாமல் நேரும் பிழைக்குப் பரிகாரம். தெரிந்தே செய்யும் பிழைக்கு?

இதற்கு விடை தேடி, பொஸ்ரனிலும் லொஸ் ஏஞ்சலிசிலும் 47 மருத்துவ நிலையங்களில், 248 வைத்தியரிடையே, 2011 தொடங்கி ஓர் ஆய்வு நடந்தது. தடிமன் போன்றவற்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லியை எழுதப் புகுந்தால், சிலரது கணினி 'இது வேண்டியதில்லை' என்று மாற்றுவழி கூறிற்று. வேறு சிலரிடம் காரணம் எழுதுமாறு கேட்டது. எழுதாவிடின் 'காரணம் கூறப்படவில்லை' என்ற வரி நோயாளியின் பதிவேட்டில் ஏறிற்று. இன்னுஞ் சிலருக்கு, தம் சகாக்களுள் அவர் சிறந்தோர் வரிசையில் உள்ளாரா இல்லையா என்று மின்னஞ்சல் சென்றது.

முடிவு 2016 இல் வெளிவந்தது. எதுவும் செய்யாத நிலையங்களிலேயே வேண்டாத மருந்து நூற்றுக்கு 24 இலிருந்து 13 ஆக வீழ்ந்திருந்தது. கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வும் அதற்கொரு காரணமாகலாம். காரணம் எழுத வேண்டியவரிடம் 23, 5 ஆயிற்று. சகாக்களோடு ஒப்பிடப்பட்டவரிடம் 20, 4 ஆயிற்று. மாற்றுவழி மட்டும் கூறிய எச்சரிக்கையால் தனிப்பயன் விளைந்ததெனப் புள்ளியியல் உறுதிப்படுத்தவில்லை. பாடக்குறிப்பைப் பிறர் பார்ப்பர் என்றறிந்த நாளில் நாம் எழுதும் குறிப்பை நினைத்தால், ஆசிரியராகிய நமக்கு இது புதிதன்று.

எனினும் மின்னஞ்சல் வைத்தியருக்கே சென்றது. மருந்துக் கம்பனியின் இலாபக் கணக்கை எந்தக் கணினியும் கேள்வி கேட்கவில்லை. ஏற்பாடுகளை நிறுத்திப் பன்னிரண்டு மாதம் கழிய, காரணம் எழுதியோரிடையே வேண்டாத மருந்து நூற்றுக்கு 6 இலிருந்து 10 ஆக ஏறிற்று. சகாக்களோடு ஒப்பிடப்பட்டோரிடமும் சிறிது ஏறிற்று. ஆயினும் எதுவும் செய்யாத நிலையங்களைவிட அவர்கள் அப்போதும் குறைவாகவே எழுதினர்.