பரேலில் கண்ட உயிர்ச்சத்து

மும்பையில் தாராவி, மாதுங்கா ஆகிய நம்மவர் மிகுந்த பகுதிகளிலிருந்து தெற்கு நோக்கிச் சென்று, தாதரைக் கடந்தால் பரேல் வரும். முன்னாளில் கவர்னர் மாளிகையாக விளங்கிய கட்டடத்தில் அங்கே ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. பிளேக் தடுப்பு மருந்தினால் பெயர் பெற்ற நிலையம் அது. நாம் இன்று எடுத்துக்கொண்டதோ வேறொரு செய்தி.

1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்தார். கேம்பிரிட்ஜில் தாவர நூல் கற்று, பின்னர் மருத்துவம் பயின்றவர். மில் தொழிலாளர் வாழ்ந்த அந்நகரில் கர்ப்பிணிகள் பலரைக் கடுமையான சோகை நோய் மாய்த்து வந்தது. இரும்புச்சத்துக் குறைவினால் வரும் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இந்நோயிலோ அவை பருத்துக் காணப்பட்டன.

கிருமியைத் தேடிப் பயனில்லை என்று கண்ட அம்மையார், அப்பெண்கள் உண்ட உணவை ஆராயத் தொடங்கினார். ஏழ்மை மிக்க வீடுகளில் கீரையும் பழமும் இறைச்சியும் அருமையாகவே இருந்தன. எலிகளுக்கும், பிறகு குரங்குகளுக்கும் அத்தகைய உணவையே கொடுத்துப் பார்த்தார். பீர் வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் மலிவான பசை நோயாளிகளைத் தேற்றியது. இதனை 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். அப்பசையில் இருந்த பொருளின் பெயர் அப்போது எவருக்கும் தெரியாது. ‘வில்ஸ் பொருள்’ என்றே வழங்கினர். 1941-இல் அமெரிக்க அறிஞர்கள் பசலையினக் கீரையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். வில்ஸ் பொருளும் அவ்வினத்தைச் சேர்ந்ததே என்பது பின்னர்ப் புலனாயிற்று. ‘இலை அமிலம்’ என்று தமிழாக்க நமக்கும் ஆசைதான். ஆனால் அப்பெயரைச் சொல்லி மருந்துக் கடையில் எதுவும் வாங்க இயலாது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1929-இல், பாஸ்டன் நகரத்து டாக்டர் காசில் மற்றோர் உண்மையைக் கண்டார். இரைப்பை சுரக்கும் ஒரு பொருள் துணை நின்றால்தான் உணவிலுள்ள வேறொரு சத்து உடலில் சேரும் என்பது அது. அச்சத்தே 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட பி-12.

இவ்விரு கண்டுபிடிப்புகளும் இன்று புதியதொரு கூட்டத்தாருக்கு வேண்டியனவாகியுள்ளன. உடற்பருமனைக் குறைக்க, இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் ரண சிகிச்சையை 1966-இல் அமெரிக்காவில் மேசன், ஈட்டோ என்னும் இருவர் தொடங்கினர். மும்பையிலும் அது இப்போது நடைபெறுகிறது. எடை குறைகிறது, நீரிழிவும் பலருக்குத் தணிகிறது. ஆனால் உண்ணும் அளவு சுருங்குகிறது. இரைப்பையின் பெரும்பகுதியும் சிறுகுடலின் முதற்பகுதியும் உணவின் பாதையிலிருந்து விலகிவிடுகின்றன.

உடலின் சேமிப்பு எல்லாச் சத்துகளுக்கும் ஒன்றுபோல் இல்லை என்பதை நேயர்கள் கருத வேண்டும். தயமின் சில வாரங்களில் தீரும். ஓயாத வாந்தி கண்டவர்க்கு அதன் குறைவு மூளையையே தாக்கக்கூடும். ஃபோலிக் அமிலத்தின் இருப்பு சில மாதங்களுக்கு வரும். பி-12 ஈரலில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும். ஆகவே முதலாண்டில் நலமாயிருப்பவர், இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடுகிறார். பின்னர் ஒரு நாள் பாதங்கள் மரத்துப்போகின்றன. பாலையன்றி மிருக உணவு எதையும் கொள்ளாத மரக்கறியாளருக்கு, தொடக்கத்திலேயே பி-12 இருப்பு குறைவாயிருக்கக் கூடுமாதலால், அந்நாள் விரைந்தே வரலாம்.

இங்கே வில்ஸ் பொருளே ஒரு சூதாகவும் முடியும். பி-12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும். நரம்புகள் மட்டும் ஓசையின்றிச் சேதமுற்றுவரும். இந்த உண்மை 1940-களிலேயே வெளிப்பட்டது. சோகை தீர்ந்தது கண்டு மருத்துவரும் மனநிறைவு கொள்ளக்கூடுமாகையால், இதனை நாம் சிறு தீங்காகக் கருதவில்லை. ரண சிகிச்சை பெற்றவர்க்குக் குறித்த காலங்களில் இரத்தத்தைச் சோதித்து இரண்டையும் அளந்து பார்ப்பது இதனாலேயே. பி-12 ஊசியாகச் செலுத்தப்படும்போது இரைப்பையின் துணை வேண்டியதில்லை. வாய்வழி உட்கொள்வதாயின் மிகப் பெரிய அளவு தேவைப்படும். எவ்வழியாயினும் அது ஆயுள் முழுவதும் தொடர வேண்டிய மருந்து.