தேர்த்தடம் – 7: எதை விட்டார்கள், எதை விடவில்லை?

திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பிறகு ஓடாமல் நிலையிலேயே நின்றுபோன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1970-ல் அது மீண்டும் வீதியில் இறங்கியது. இம்முறை அதைத் தாங்கியவை திருச்சி பெல் ஆலையில் செய்த இரும்பு அச்சும் சக்கரங்களும். கொதிகலன் செய்யும் ஆலை, தேர்க்கால் செய்தது! முட்டுக்கட்டை போடுபவர்களுக்குத் துணையாக பிரேக்கும் வந்தது.

பக்தர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால், தலைமுறை தலைமுறையாக மரத்தேர் செய்தவர்களின் வேலையில் ஒரு பங்கை இரும்பு எடுத்துக்கொண்டது.

இங்கேதான் பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர் நம் கதைக்குள் வருகிறது.

தேர்ச் சிற்பம் இந்த ஊரின் பரம்பரைத் தொழில். அதில் ஒரு சிக்கல் உண்டு: ஒருமுறை செய்த தேர் பல பத்தாண்டுகள் உழைக்கும். அடுத்த கோயில் அழைக்கும்வரை உலை எப்படிக் கொதிக்கும்?

அரும்பாவூர்ச் சிற்பிகள் அளவை மாற்றினார்கள். தேர்த்தட்டில் இருந்த தெய்வங்கள் வீட்டுப் பூஜையறைக்கு அடங்கும் உருவத்துக்கு வந்தன. மரமும் மாறியது. பாரம் தாங்க வேண்டிய தேருக்கு வைரம் பாய்ந்த மரம் வேண்டும். தனிச் சிற்பத்துக்கு வாகையும் மாவும் போதும். வாங்குபவரும் மாறினார். அறங்காவலர் இருந்த இடத்தில், 1973-ல் தொடங்கிய பூம்புகார் நிறுவனத்தின் விற்பனை நிலையத்துக்கு வரும் குடும்பத்தினர் நின்றார்கள்.

ஒன்றை மட்டும் அவர்கள் விடவில்லை: ஒரே மரத்துண்டு. கிரீடம், கை, பீடம் எல்லாம் அதே துண்டிலிருந்து எழும்ப வேண்டும். கடைசி நாளில் உளி வழுக்கினாலும் உழைப்பு முழுவதும் போய்விடும். அந்தக் கண்டிப்புதான் ஊரின் பெயரைச் சிற்பத்தோடு ஒட்டவைத்தது.

நிறுவனங்களுக்கும் இதே பாடம்தான். எதையுமே மாற்றாத நிறுவனம் நிற்காது. எல்லாவற்றையும் மாற்றும் நிறுவனத்துக்கு முகம் இருக்காது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பிரித்தறிவதே மாறும் திறன். புதுமை அங்கிருந்துதான் பிறக்கிறது.

அந்தத் திறனுக்குப் பரிசாக 2020 மே மாதம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அப்போது நாடே ஊரடங்கில்! கோயில் கதவுகள் சாத்தியிருந்தன, தேர்கள் ஓடவில்லை.

ஊரடங்கு ஒருநாள் முடிந்துவிடும். அதைவிடப் பெரிய சோதனை ஏற்கெனவே சந்தைக்குள் நுழைந்திருந்தது. கணினி சொல்லச் சொல்ல, ஓய்வில்லாமல் மரம் குடையும் இயந்திரம்! அதைப் பட்டறைக்குள் விடுவதா, வாசலிலேயே நிறுத்துவதா?

(அடுத்த வாரம்: உளியும் கணினியும்)