தள்ளுபடியான படம்

அமெரிக்க மௌனப் படங்களில் பெரும்பகுதி இன்று இல்லை. அங்குள்ள காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய 11,000 முழுநீளப் படங்களில் 14 சதவீதமே முதலில் வெளியான வடிவில் எஞ்சியுள்ளன. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும், மட்கும். பேசும்படம் வந்த பிறகு மௌனப் படத்துக்கு விலையுமில்லை. இவை அலட்சியத்தின் சாவுகள். 'எ வுமன் ஆஃப் த ஸீ' அப்படிச் சாகவில்லை. அது முறைப்படி கொளுத்தப்பட்டது. கொளுத்தச் சொன்னவர் சார்லி சாப்ளின்.

'த ஸால்வேஷன் ஹண்டர்ஸ்' (1925) என்ற முதல் படத்தைப் பார்த்து வியந்த சாப்ளின், ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க்கிடம் ஒரு படத்தை ஒப்படைத்தார். 1915 முதல் தன்னோடு நடித்துவந்த எட்னா பர்வையன்ஸுக்குக் கதாநாயகியாக மறுவாழ்வு தருவது நோக்கம். 1926இல் கலிஃபோர்னியாக் கடற்கரையில் படமெடுத்தார்கள். மீனவக் குடும்பத்துச் சகோதரிகள் இருவர். ஒருத்தி நகரத்து எழுத்தாளனோடு போய்விடுகிறாள், மற்றவள் கரையிலேயே தங்குகிறாள். கதை இவ்வளவுதான். ஒருமுறை திரையிட்டதோடு சரி. சாப்ளின் படத்தை வெளியிடவில்லை. 1933 ஜூன் 24 அன்று, வருமானவரிக் கணக்கில் நஷ்டமாகக் காட்டுவதற்காக, சாட்சிகள் முன்னிலையில் நெகடிவ் எரிக்கப்பட்டது.

வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தச் சாட்சிகள்தான் உறுத்துகிறார்கள். ஒன்றைத் தள்ளுபடி செய்ய வேண்டுமானால் அது இருந்தது என்றும், இனி இல்லை என்றும் நிரூபிக்க வேண்டும். பார்வையாளர் முன் வைக்கப்படாத படைப்பு, சாம்பலாகும்போது மட்டும் சாட்சிகளைப் பெற்றது. ஒரு பெரும் கலைஞன் இன்னொருவனின் படைப்பை மதிப்பிட்ட அழகியல் தீர்ப்பு என்று இதைச் சொல்ல முடியாது. வெளியிட மறுத்தது வேண்டுமானால் தீர்ப்பு. ஏழாண்டு கழித்து எரித்தது கணக்கு.

ஆனால் இழப்பே ஒரு படத்தைக் காவியமாக்கிவிடாது. படத்தைப் பார்த்த மிகச் சிலரில் ஒருவரான ஜான் கிரியர்சன் அதன் அழகைச் சொன்னார். அது வெறுமையானது என்றும் சேர்த்தே சொன்னார். பிற்பாதியை மறந்துவிட்டு முற்பாதியை மட்டும் ஓதுவது விமர்சனமல்ல, இரங்கற்பா. எட்னாவிடம் இருந்த ஸ்டில்கள் பின்னாளில் வெளிவந்தன. வலையும் அலையும் முகங்களும் அவற்றில் இருக்கின்றன. ஒரு பார்வை எவ்வளவு நேரம் நின்றது, எந்தக் கணத்தில் வெட்டினார்கள் என்பது இல்லை. சினிமா இருப்பதோ அந்த இடைவெளியில்.

ஸ்டெர்ன்பெர்க்குக்கு 'த ப்ளூ ஏஞ்சல்' (1930) வாய்த்தது. எட்னாவுக்கு அப்படியொன்று வாய்க்கவில்லை. 1958இல் அவர் இறக்கும்வரை சாப்ளின் நிறுவனம் சம்பளம் தந்துவந்தது. அந்தப் பெருந்தன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சம்பளம் கொடுப்பது வேறு, ஒருவர் செய்த வேலையை உலகத்தில் விட்டுவைப்பது வேறு. அந்தப் படம் மோசமாகவே இருந்திருக்கலாம். மோசம் என்று சொல்லும் உரிமைதான் நம்மிடமிருந்து எரிக்கப்பட்டது.